அம்புக்குறி ஒட்டிய விடைத்தாள்கள்

பொய் சொல்லும்படி என்னை யாரும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளாய் நெஞ்சுக்குள் வைத்துக் கொஞ்சிவரும் உண்மையைத்தான் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். அதற்கு ஏன் இப்படி ஓரிடத்தில் நிற்கமாட்டாமல் தவிக்கிறேன்?

இங்ஙனம் தன்னைத் தானே கேட்டுக்கொண்டு, நதியா தன் ஓரறை வீட்டைப் பூட்டிப் படியிறங்கிய வேளை, ஐப்பசித் திங்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஆறு நாளும் ஓயாது இரைந்த பின்னற்பொறிகள், அழுது அயர்ந்து உறங்கிய பிள்ளைகள்போல் வாயடங்கிக் கிடந்தன. மாடிமேல் மாடி அடுக்கிய ஆலைகளின் கண்ணாடிச் சாளரங்களில், அன்று தான்மட்டும் வேலைக்கு வந்ததுபோல் மேகம் ஊர்ந்துகொண்டிருந்தது. வெட்டுத்துணிக் கழிவு நிரம்பிய மூட்டைகள் பெருத்த வயிற்றோடு தெருவோரம் சாய்ந்திருக்க, அவற்றின் கிழிசல் வழியே பறந்த செந்நிறத் துணிக்கீற்றுகள் மின்கம்பிகளில் மாட்டிக் கொடிகள்போல் ஆட, தென்பாண்டிச் சீமையிலிருந்தும் வடபுலத்திலிருந்தும் பிழைக்க வந்தோர், வாரம் ஒருமுறை வாய்க்கும் அப்பகலைப் புத்தாடைபோல் உடுத்திக்கொண்டு கூட்டங்கூட்டமாய் நடந்தனர். நொய்யல் ஆறோ, முந்தைய நாள் பெய்த மழையை மடியில் ஏந்தி, தன் நிறம் எதுவென்று தானே மறந்ததுபோல் பாலத்தடியில் தயங்கித் தயங்கிச் சென்றது.

நதியாவை இவ்விடத்தே படிப்போர்க்கு அறிமுகம் செய்தல் முறை. சங்கரன்கோயில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பதினேழு வயதில் தாயோடு திருப்பூர் வந்தவள். தைத்த ஆடைகளில் துருத்தி நிற்கும் நூற்பிசிறை வெட்டும் வேலையில் தொடங்கி, இன்று ஒரு பின்னலாடை ஆலையில் தர ஆய்வுப் பிரிவுக்குத் தலைவியாய் உயர்ந்தவள். தாய் மறைந்தபின் தனித்து வாழ்பவள். வேலையிடத்தில் அவள் சொல் தளர்ந்ததில்லை. ஆயினும் அன்று காலை அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, பிட்ட இட்டிலி தட்டிலேயே காய்ந்தது, கட்டிய சேலையை மாற்றினாள், மாற்றியதையும் மாற்றினாள்.

அத்தவிப்பின் வித்து, முந்தைய நாள் மாலை அவள் முதலாளியின் மகன் வேல்குமார் சொன்ன செய்தியில் இருந்தது. பள்ளிச் சீருடையோடு ஆலைக்குள் ஓடித்திரிந்த பருவம்தொட்டு அவளை அக்கா என்றே அழைப்பவன் அவன். குரலை உயர்த்தி யாரிடமும் பேசியறியாதவன்.

"அக்கா, நம்ம பழைய காலேஜத் திரும்பக் கொண்டாரப் போறனுங்க" என்றான். "சேவூர் ரோட்டுல புது ஹாஸ்டல் கட்டிருக்கறமுல்லீங்க, அந்தக் காம்பவுண்டுக்குள்ளயே. நீங்கதான் அதுக்கு இன்சார்ஜ்."

அவள் விடை சொல்ல வாயெடுக்குமுன், "மொதல்ல ஒரு வீடியோ எடுக்கோணுமுங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்துருங்க. நீங்க அங்க படிச்சத, அந்த ஸ்டிக்கர் கதைய, எங்ககிட்டச் சொல்லுவீங்கள்ல, அப்பிடியே சிரிச்சிட்டே சொன்னாப் போதுமுங்க" என்று முடித்தான்.

"வீடியோ எங்கங்க காட்டுவீங்க?"

"உங்க பக்கந்தானுங்க. சங்கரன்கோயில், ராஜபாளையம், அந்தச் சுத்துவட்டாரம் பூராவும். புள்ளைங்க அங்கிருந்துதான வரோணும். மூணு வருசம் இங்கயே தங்கி வேலையும் பாத்தாங்கன்னா டிப்ளமா கையில."

"நடுவுல போறேன்னா?"

"நீங்களே சொல்லுங்கக்கா, நல்லா வெச்சிருந்தா எதுக்குங்க போறாங்க?" என்று அவன் சிரித்தான்.

அந்நேரம் அவளுக்கு அச்சிரிப்பில் குறையொன்றும் தென்படவில்லை. அவள் செவியில் விழுந்ததெல்லாம் ஒரே சொல். மூடப்பட்டுப் பல்லாண்டாகிய தன் கல்லூரிக்குத் தானே பொறுப்பாளர்! கட்டவிழ்த்த கன்று தொழுவமெங்கும் துள்ளுவதுபோல அவள் உள்ளம் துள்ளிற்று. இரவெல்லாம் வருகைப் பட்டியல் அழைத்தாள், கரும்பலகையைத் துடைத்தாள், இல்லாத மாணவியரை இருத்தி அவர்தம் பெயர்களைக் கற்பித்து மகிழ்ந்தாள். விடியுங்கால் அம்மகிழ்ச்சியின் அடியில் ஏதோ உறுத்திற்று. செருப்பினுள் புகுந்த மணல்போலச் சிறியது, ஆயின் நடக்க விடாதது. அதனைக் கண்டெடுக்கத்தான் இப்போது நடக்கிறாள்.

கால்கள் அவளைப் பழைய இடத்துக்கே கொண்டுசேர்த்தன. பாலத்துக்கு அப்பால் இரண்டாம் சந்தில், கீழே மாவரைக்கும் ஆலையும் மேலே நான்கு அறைகளுமாய் நின்ற கட்டடம். சமுதாயக் கல்லூரி என்னும் பலகை தொங்கிய இடத்தில் இப்போது அட்டைப்பெட்டிக் கிடங்கின் பெயர் பளிச்சிட்டது. எதிர்த் தேநீர்க் கடையின் நிழலில் நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க, வெயிலில் காய்ந்த துணி மழைத்துளி பட்டு நிறம் மீள்வதுபோல, அந்நாட்கள் மீண்டன.

வேலை முடித்த கையோடு, தலையில் பஞ்சுத் துகளும் விரலிடுக்கில் எண்ணெய்க் கறையுமாய் வந்து சேரும் நாற்பது பேர் கொண்ட கல்லூரி அது. கீழே நெல் அரைத்தால் மேலே மேசை நடுங்கும். மிளகாய் அரைத்தாலோ பாடம் நின்றுவிடும். ஒருவர் தும்ம, அடுத்தவர் தும்ம, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டு அனைவரும் படிக்கட்டில் இறங்கித் தெருவில் நிற்பர். மிளகாய்க்காரர் போனபின் மீண்டும் ஏறுவர். ஆசிரியை சாரதாமணி, மாணவியர் பலரினும் இளையவள். அதட்ட முயன்றால் குரல் உடைந்து அவளே முதலில் சிரித்துவிடுவாள்.

அங்கு நிகழ்ந்த முதல் தேர்வைத்தான் வேல்குமார் ஸ்டிக்கர் கதை என்றான். ஆலைகளில் ஆடையை ஆராயும் பெண்டிர், துளையோ கறையோ தையற்பிழையோ கண்டால், அவ்விடத்தில் அம்பு வடிவிலான சிறு செந்நிற ஒட்டுவில்லையை ஒட்டிவிடுவர். அம்பு சுட்டிய ஆடை தையலாளரிடம் திரும்பிச் சென்று திருத்தப்பட்டு வரும். அதனை ஆல்டர் என்பது அவ்வூர் வழக்கு. தேர்வறையில் அமர்ந்த ஆய்வுப் பிரிவுப் பெண்கள் பதின்மரும், ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொள்ளாமலே, ஒரே பிழையைச் செய்தனர். எழுதிய விடைகளில் ஐயம் தோன்றிய இடமெல்லாம், முந்தானையில் ஒட்டிக் கிடந்த வில்லைகளை உரித்துத் தம் விடைத்தாளிலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டனர். தம் பிழையைத் தாமே காட்டிக் கொடுத்தல் தேர்வில் தகாது என்பதை அவர்கள் அறியார். காட்டினால் திரும்பி வரும், திருத்தித் தரலாம் என்பதே அவர்கள் கற்ற முறை. சிவந்து சிலிர்த்த அத்தாள்களைப் பார்த்துச் சாரதாமணி நெடுநேரம் திகைத்தாள். பின்னர், என்ன எண்ணினாளோ, மதிப்பெண் இடாமல் அவற்றைத் திருப்பிக் கொடுத்து, "சரி, ஆல்டர் பண்ணிட்டு வாங்க" என்றாள்.

அன்றுமுதல் அக்கல்லூரியின் முறைமையே அதுவாயிற்று. எவரும் தோற்கவில்லை, தாள்கள் போயின, திருந்தி வந்தன. பிழைக்குக் கூலி பிடிக்கும் ஊரின் நடுவே, பிழையை வெட்கமின்றிச் சுட்டிக்காட்டும் நான்கு அறைகள் இருந்தன என்றால், படிப்போர் நம்புதல் அரிது. நதியா அங்கு ஆங்கிலமும் கணக்கும் கற்றாள்; அவற்றினும் மேலாக, தெரியாது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காரக் கற்றாள்.

"ஏங்கண்ணு, அந்தக் கட்டடத்த வெலைக்கு வாங்கப் போறியா? அப்பிடி மொறைச்சுப் பாக்குற?"

குரலைக் கேட்டுத் திரும்பினாள். சாமளாபுரத்து விசைத்தறிக்காரி மருதம்மாள், கையில் துணிப்பையோடு நின்றாள். காலையில் நதியா தவிப்போடு தொலைபேசியில் அழைத்ததும், இங்குதான் வந்து நிற்பாள் என்று கணித்து வந்திருந்தாள். கல்லூரியில் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள். மருதம்மாளுக்கு அப்போதே பேரன் பிறந்திருந்தான். மருமகன் தன்னை ஆங்கிலத்தில் வைகிறானா வாழ்த்துகிறானா என்று தெரிந்துகொள்ளவே கல்லூரியில் சேர்ந்ததாக முதல்நாளே அவள் அறிவித்தது, அந்நாளில் சந்தெல்லாம் பரவிய செய்தி.

"மருமகன் எப்படி இருக்காருங்க?"

"அவனுக்கென்ன. வையறான்னு இப்பத் தெளிவாத் தெரியுது. படிப்பு வீண்போகல பாரு."

தேநீர் வந்தது. நதியா நடந்ததையெல்லாம் கூறினாள். கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாளேயன்றிப் பருகவில்லை.

"போய்ப் பேசீட்டு வா கண்ணு" என்றாள் மருதம்மாள். "இல்லாததையா சொல்லப் போற? நம்ம தும்முனது நெசம். ஸ்டிக்கர் ஒட்டுனது நெசம். என்னையக் கூப்புட்டிருந்தா நாலு வீடியோ குடுத்திருப்பேன். என்ற மூஞ்சி அவுங்களுக்கு ஆகாதாட்ட இருக்குது."

"நெசந்தான் அக்கா. அதான் இடிக்குது."

"எது இடிக்குது?"

"தெரியலையே. தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

மருதம்மாள் அவளை ஒருகணம் நோக்கிவிட்டுப் பேச்சை மாற்றினாள். "எனக்கு எது நெனப்பு வருது தெரியுமா? நடுவால நான் நின்னுபோனது. மக பிரசவம், தறி ரிப்பேரு, ஒரு வருசம் எட்டிப் பாக்கல. அப்பறம் சும்மா எட்டிப் பாக்கலாம்னு வந்தா, அந்தச் சாரதாமணிப் புள்ள, 'ஆல்டர் பீஸ் வந்துருச்சு'ன்னு கிளாஸ்ல சத்தமாச் சொல்லுது. அத்தன பேரும் சிரிக்கறீங்க. நீதான் நகந்து எடம் விட்ட."

இருவரும் சிரித்தனர். ஆனால் அச்சிரிப்பு ஓய்ந்தபோது, நதியாவின் மனம் முன்னினும் விரைவாய்ச் சுழலத் தொடங்கிற்று. பேருந்து நிறுத்தம்வரை மருதம்மாளோடு நடந்து, அவளை ஏற்றிவிட்டு, தானும் ஒரு பேருந்தில் ஏறி, இரண்டாம் நிறுத்தத்தில் காரணமின்றி இறங்கி, எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி, மாலை சாயும் வேளைக்குச் சேவூர்ச் சாலையில் இறங்கினாள்.

சோளக்காடுகளுக்கு நடுவே வெண்ணிற விடுதி எழுந்து நின்றது. சுற்றிலும் உயர்ந்த மதில், ஒரே வாயில். காவலர் வணங்கி உள்ளே விட்டு, அவள் பின்னே கதவை இழுத்துத் தாழிட்டார். தாழ்ப்பாள் ஒலி அவள் முதுகில் பட்டது.

உள்ளே எல்லாம் அழகாய் இருந்தன. இருந்ததை இருந்தவாறே சொல்லுதல் வேண்டும். வகுப்பறைகளில் வெளிச்சம் நிறைந்திருந்தது, மேசைகள் நடுங்கவில்லை, மிளகாய்க் காரம் வர வழியில்லை. நூலடுக்கில் புத்தகங்கள் மணந்தன. நதியா ஒரு மேசையைத் தொட்டாள். தொட்ட விரல் விலக மனமின்றிக் கிடந்தது. இதனை எனக்குத் தருகிறார்களே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவளுள் ஒரு குரல் இரந்தது. விடுதியில் ஏற்கெனவே தங்கி ஆலை வேலைக்குப் போய்வருபவராய், காணொளிக்காகச் சீருடை அணிந்து அமர்ந்திருந்த முப்பது பெண்களை நோக்கி அவள் நடந்தாள். படக்கருவியைப் பொருத்த இன்னும் சற்று நேரமாகும் என்றனர்.

அவர்களோடு அவள் பேசியதை முன்வரிசையில் ஒருத்தி கூர்ந்து கேட்டிருந்துவிட்டு, "நீங்க எங்க ஊர்ப்பக்கமாக்கா? பேச்சு அப்படித் தெரியுது" என்றாள். அவள் பெயர் சித்ராதேவி. ஊர் வாசுதேவநல்லூர் பக்கம்.

கொங்குப் பேச்சில் பல்லாண்டு ஊறிய நதியாவின் நா, தாயூர் வழக்குக்குத் தானே வழுக்கிற்று. "ஆமாட்டி. நீ வந்து எவ்வளவு நாளாச்சு?"

"நாலு மாசமாச்சுக்கா. வேலைக்கு பஸ்ல கூட்டிட்டுப் போவாவ, பஸ்ல கூட்டிட்டு வருவாவ. திருப்பூரு எந்தப் பக்கம்னு கேட்டியன்னா எனக்குக் கைகாட்டத் தெரியாது." பக்கத்தில் இருந்தவள் கிளுக்கென்று சிரித்து, "இவளுக்கு ஊரு பேரே பஸ் கண்ணாடி வழியாத்தான் தெரியும்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை துணி தொவைக்கணும், போன் பேசணும். வாரத்துக்கு ஒருக்க போன் குடுப்பாவ. வார்டனம்மா பக்கத்துல நிப்பாவ." சித்ராதேவி குரலைத் தாழ்த்தினாள். "எந்தங்கச்சி பன்னெண்டாப்பு முடிக்கப் போறா. இங்க வரவான்னு கேக்கா. நல்லாருக்குன்னுதான் சொன்னேன். 'நீ சொன்னா நம்ப மாட்டேன், வீடியோ வருதாம்லா, பாத்துட்டு வாரேன்' அப்படிங்கா. நீங்கதான் அதுல பேசப் போறியளாக்கா?"

செருப்பினுள் காலையிலிருந்து உறுத்திய மணல் இதுவென்று நதியாவுக்குத் தெரிந்துவிட்டது. தன் நினைவின் இனிமை முழுதும் அந்நான்கு அறைகளுக்குள் இருந்ததாக இத்தனை காலம் எண்ணி வந்தாள். அறைக்கு வெளியிலன்றோ அதன் பாதி கிடந்தது! வேலை முடிந்து எந்தத் தெருவழியே போவதென்று தானே தேர்ந்த நடை. இன்று வேண்டாம் என்று திரும்பிவிடக்கூடிய மாலை. நின்றுபோன மருதம்மாள் ஓராண்டு கழித்துப் படியேறி வந்த காலடி. விட்டுப் போகலாம் என்பதால்தான் நாள்தோறும் அங்குப் போவது அத்துணை இனித்தது. இங்கு நின்று அக்கதையைச் சிரித்தபடி அவள் சொன்னால், ஒரு சொல்லும் பொய்யாகாது. ஆயின் கேட்கும் பெண் காண்பது திறந்த படிக்கட்டு, வந்து சேர்வது தாழிட்ட வாயில்.

படப்பிடிப்பை மேற்பார்த்து நின்ற வேல்குமாரைத் தனியே அழைத்தாள். "தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா? கிளாஸ் முடிஞ்சு பிள்ளைங்க வெளிய போயிட்டு வரலாமுங்களா? ஞாயித்துக்கிழமையாவது?"

"அது மட்டும் ஆகாதுங்கக்கா" என்றான் அவன், வருத்தத்தோடுதான். "பொம்பளப் புள்ளைங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அவுங்கப்பன் ஆத்தாளுக்கு நானில்லீங்க பதில் சொல்லோணும்."

"நடுவுல ஊருக்குப் போயிட்டு, மறுக்கா வந்து படிக்கலாமுங்களா?"

"அப்பிடி விட்டா தையல் லைன் ஓடுமுங்களா? பொறுங்கக்கா, இன்சார்ஜ் ஆனப்பறம் நீங்களே ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். மொதல்ல புள்ளைங்க வரட்டுமுங்க."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுவே அவளை மிக வருத்திற்று. கள்ளம் இருந்திருந்தால் சினம் துணைக்கு வந்திருக்கும். உள்ளே நுழைந்து மெல்ல மாற்றலாம் என்னும் ஆசை, பசித்தவன்முன் பரிமாறிய இலைபோல் அவள்முன் விரிந்தது. மாற்றிவிடலாம், மாற்ற முடியாமலும் போகலாம், அதுவரை வந்து சேர்ந்தவர்கள் மதிலுக்குள் இருப்பர், அவள் முகத்தை நம்பி வந்தவர்களாய். தனக்கு இத்துணை இனியதாய் இருந்த ஒன்றைப் பிறர்க்குத் தூண்டிலாக்கிய பின், அதனைத் தனிமையில் எடுத்து நினைக்க முடியுமா என்று தன்னைக் கேட்டாள். முடியாது என்பது, தன் பெயரைப்போல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

படக்கருவி பொருந்திற்று. விளக்குகள் எரிந்தன. நாற்காலியில் அமரச் செய்து, அவள் சேலை விளிம்பில் சிறு ஒலிவாங்கியை மாட்டினர். அறை அமைதியாயிற்று, முப்பது முகங்கள் அவளை நோக்கித் திரும்பின.

"ஆரம்பிக்கலாமுங்களாக்கா?" என்றான் வேல்குமார், கைகட்டி நின்று.

காலைமுதல் அலைந்த கைகால்கள் அப்போதுதான் ஓய்ந்தன. நதியா ஒலிவாங்கியை நூல் சிக்காமல் கழற்றி, பக்கத்து மேசைமேல் மெல்ல வைத்தாள்.

"இல்லீங்க தம்பி. நான் பேசலை."

"ஏனுங்கக்கா, ஒடம்பு சரியில்லீங்களா? அடுத்த வாரம் வெச்சுக்கலாமுங்களா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரமும் பேச மாட்டேன். இந்த இன்சார்ஜ் வேலையும் எனக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில செக்கிங்குக்கு எப்பவும்போல வந்துருவேன்."

அவன் கையசைத்துப் படக்கருவியை நிறுத்தச் செய்தான். விளக்கின் சூட்டில் ஒரு பூச்சி சுற்றிக்கொண்டிருந்தது. பின்னர், இழந்ததில் சிறிதேனும் மீட்க முயல்பவன்போல், தாழ்ந்த குரலில் கேட்டான்:

"அப்பச் செரிங்க. அந்த ஸ்டிக்கர் கதைய நான் வேற ஆரையாச்சும் வெச்சுச் சொல்லிக்கட்டுங்களா? நல்ல கதைங்கக்கா அது."

நதியா எழுந்து நின்றாள். முன்வரிசையில் சித்ராதேவி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நேர்ந்தது என்று அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, அவள் முகத்தில் நகை அடங்கி ஏதோ கூர்ந்திருந்தது. வெளியே சோளக்காட்டின்மேல் இருள் தன் முதல் மடிப்பை விரித்துக்கொண்டிருக்க, திருப்பூர் இருந்த திசையில் வானடி மங்கலாய்ச் சிவந்திருந்தது.

"நல்ல கதைதாங்க" என்றாள் நதியா, குரலில் கடுமை சிறிதும் இன்றி. "வேண்டாங்க தம்பி."